வாயில்லா ஜீவனுக்கு ஒரு வலுவான கூடு



பொத்துவில், கோமாரி, அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று நமது கரையோரத்தில் வெளிநாட்டுத் தொடர்பில்லாத வீடு குறைவு. வாப்பா கட்டாரிலோ துபாயிலோ பல வருடம் தனியே கிடந்து உழைப்பார். ஒருநாள் குடும்ப விசா கிடைக்கும். உம்மாவும் பிள்ளைகளும் பெட்டி கட்டத் தொடங்குவார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டின் கடைக்குட்டி, பூனையை மடியில் வைத்துக்கொண்டு, "இதையும் கொண்டு போகணும்" என்று அடம் பிடிக்கும்.

"பூனையையா, பிளேனிலா?" என்று சிரித்து ஒதுக்கி விடாதீர்கள். பூனையும் விமானத்தில் போகலாம். ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டுதான் இருக்கின்றது. ஆனால் அது போகும் கூடு எப்படிப்பட்டது என்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது.

2011 ஆகஸ்ட் 25ஆம் திகதி நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். கலிபோர்னியாவுக்குப் போகவிருந்த ஜாக் என்ற பூனை, பொதிகள் கையாளும் இடத்தில் தன் கூட்டிலிருந்து வெளியேறி ஓடிவிட்டது. 61 நாட்கள் தேடினார்கள். ஒக்டோபர் 25ஆம் திகதி, அதே விமான நிலையத்தின் சுங்கப் பகுதிக் கூரையிலிருந்து கீழே விழுந்தது. எலும்பும் தோலுமாக இருந்த அதை மருத்துவர்கள் எவ்வளவோ பாடுபட்டும் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 6ஆம் திகதி அதன் கதை முடிந்தது. கூட்டை விட்டு ஒருமுறை வெளியேறிய பூனையை விமான நிலையத்தில் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

விமானத்தின் அடிப்பகுதியில் மூச்சு முட்டும், குளிரில் விறைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உயிருள்ள பிராணிகளை ஏற்றும் பகுதியில் காற்றழுத்தமும் வெப்பமும் சீராக வைக்கப்படுகின்றன. ஆபத்து பெரும்பாலும் தரையில்தான். கூட்டை ஏற்றும்போது, இறக்கும்போது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, வெயிலில் காத்திருக்கும்போதுதான் அது வரும். ஆகவே கூடு வாங்கும்போது, "இது கை தவறி விழுந்தால் திறந்துகொள்ளுமா?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா இதற்கென்றே விதிகள் வைத்திருக்கிறது. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கூடு உறுதியான பிளாஸ்டிக், பிளைவுட் போன்ற கெட்டியான பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கார்ட்போட் பெட்டி, பிரம்புக் கூடை, துணிப் பை, முழுவதும் கம்பி வலையாலான கோழிக்கூடு எதுவும் சரக்குப் பகுதிக்கு உதவாது. கதவு இரும்புக் கம்பிக் கதவாக இருப்பது நல்லது. கதவின் பிணைச்சல் கம்பிகள் கூட்டின் உடலுக்குள் குறைந்தது 1.6 சென்டிமீற்றர் நுழைந்திருக்க வேண்டும். அப்போதுதான் பூனை உள்ளிருந்து தள்ளினாலும் கதவு கழன்று வராது. காற்றுத் துவாரம் நான்கு பக்கமும் வேண்டும். ஆனால் பூனைக்கென்றால் அந்தத் துவாரம் 19 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. மூக்கும் காலும் வெளியே வந்தால் காயம்தான் மிஞ்சும். அடிப்பகுதி சிறுநீர் ஒழுகாததாக இருக்க வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றி விடுங்கள்.

கடையில் விற்கும் கூடுகள் பெரும்பாலும் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக வரும். இரண்டையும் பிளாஸ்டிக் கொக்கிகள் மட்டும் பிடித்திருந்தால் வாங்காதீர்கள். சுற்றிவர இரும்பு போல்ட், நட்டு போட்டு இறுக்கக் கூடியதாகப் பாருங்கள். பயணத்தன்று மூலைகளிலும் கதவிலும் கேபிள் டை போட்டு இன்னொரு காவல் வைக்கலாம். பூட்டு மட்டும் போடாதீர்கள். அவசரத்துக்கு அதிகாரிகள் திறக்க வேண்டி வரும்.

நமது ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும். முற்றத்து வெயில் பிளாஸ்டிக்கை உக்க வைத்துவிடும். யாராவது தங்களுடைய பழைய கூட்டைத் தந்தால் வாங்கிப் பாருங்கள்; ஆனால் விரலால் நன்றாக அழுத்திப் பார்க்காமல் நம்பாதீர்கள். போல்ட்டில் துரு, மூலையில் மயிரிழை வெடிப்பு, நிறம் வெளிறிய பிளாஸ்டிக் இருந்தால் ஊருக்குள் மிருக வைத்தியரிடம் கொண்டு போவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடாவியைக் கொண்டு பிளைவுட்டில் செய்விப்பதானால், உள்ளே ஆணிமுனையோ சிலாம்போ இல்லாமல் மழமழவென்று இழைக்கச் சொல்லுங்கள். ஆணியடிக்காமல் ஸ்குரூ போடச் சொல்லுங்கள். செய்யக் கொடுக்குமுன் விமான நிறுவனத்திடம் அளவையும் பொருளையும் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி அளவு. தையல் தெரிந்த நமக்கு அளவெடுப்பது சிரமமில்லை. பூனையை நிற்க வைப்பதுதான் சிரமம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், தரையிலிருந்து முன்கால் முழங்கை வரை, தோளின் அகலம், நிற்கும்போது தரையிலிருந்து காது நுனி வரை உயரம். இந்த நான்கும் வேண்டும். முதல் அளவோடு முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூட்டின் நீளம். தோள் அகலத்தை இரட்டித்தால் கூட்டின் அகலம். காது வரையான உயரத்தோடு விரிப்பின் தடிப்பைக் கூட்டினால் கூட்டின் உயரம். எல்லாம் உள்ளளவு.

உதாரணமாக, ஒரு பூனை 46 சென்டிமீற்றர் நீளம், முழங்கை 16, தோள் 15, உயரம் 32 என்று வைத்துக்கொள்வோம். கூடு 54 நீளம், 30 அகலம், விரிப்புக்கு 3 சேர்த்து 35 உயரம் ஆவது இருக்க வேண்டும். பூனை எழுந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இதுவே குறைந்த அளவு. மூக்குச் சப்பையான பாரசீகப் பூனையென்றால் இன்னும் 10 வீதம் பெரிதாக்க வேண்டும். அந்த இனத்துக்கு வெப்பத்தில் மூச்சு வாங்கும் என்பதால் சில விமான நிறுவனங்கள் ஏற்றவே மறுக்கின்றன.

செலவும் இந்த அளவைப் பொறுத்ததே. சரக்காக அனுப்பும்போது நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 6000 ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்வது வழக்கம். மேலே சொன்ன கூடு ஏறத்தாழ 9½ கிலோ; பூனையோ 4 கிலோதான் இருக்கும். 60, 40, 40 அளவுக் கூடு வாங்கினால் அதுவே 16 கிலோவாகிவிடும். ஆகவே தேவைக்கு மேல் பெரிதாக வாங்க வேண்டாம். காசை மிச்சம் பிடிக்கவென்று அளவைக் குறைக்கவும் வேண்டாம். விமான நிலையத்தில் கூடு சிறியது என்று திருப்பி அனுப்பினால், டிக்கெட் காசும் போய், பிள்ளையின் அழுகையும் மிஞ்சும்.

கூட்டின் மேல் "உயிருள்ள பிராணி" என்ற அடையாளமும், மேல்பக்கம் காட்டும் அம்புக்குறிகளும், உங்கள் பெயரும், இங்கும் அங்கும் உள்ள தொலைபேசி இலக்கங்களும் ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவின் உட்புறம் பொருந்தி, வெளியிலிருந்தே நிரப்பக் கூடியதாக இருக்கட்டும். முதல்நாள் இரவு அதில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால், வழியில் சிந்தாது. கரையக் கரையக் குடிக்கும்.

கூட்டைப் பயணத்துக்கு ஒரு மாதம் முந்தியே வாங்கிவிடுங்கள். கதவைத் திறந்தபடி மண்டபத்தில் வையுங்கள். சோறும் மீனும் அதற்குள்ளேயே வையுங்கள். பிள்ளை உடுத்த பழைய சட்டையையோ வாப்பாவின் சாரத்தையோ விரித்துவிடுங்கள். தெரிந்த வாசனை பூனைக்குப் பெரிய ஆறுதல். கோமாரியிலிருந்து கட்டுநாயக்கா 300 கிலோமீற்றருக்கும் மேலே. விமானம் ஏறுமுன்பே அது ஒரு நீண்ட பயணம் செய்தாக வேண்டும். ஆகவே முதலில் அக்கரைப்பற்று வரை ஒருமுறை வேனில் கொண்டு போய்ப் பழக்குங்கள். தூக்க மருந்து கொடுக்க வேண்டாம். விமானத்தில் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அது பாதிக்கும். விமான நிலையத்தில் கூட்டைப் பரிசோதிக்கப் பூனையை வெளியே எடுக்கச் சொன்னால், மூடிய அறையொன்று கேளுங்கள். அதற்கு முன்பே உடற்பட்டி மாட்டியிருங்கள்.

கூடு தயார் என்றால் போதாது. பத்திரங்களுக்கு அதைவிட அதிக காலம் தேவை. முதலில் மைக்ரோசிப், பிறகு நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி. இந்த வரிசை மாறக் கூடாது. இலங்கையிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்கோ பிரித்தானியாவுக்கோ போவதானால், ஊசி போட்டுக் குறைந்தது 30 நாளின் பின் இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பிரித்தானியாவுக்குப் பூனை சரக்காகவே போக முடியும். வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டின் இறக்குமதி அனுமதி வேண்டும். ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழைக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் கேளுங்கள். விசா வந்த பிறகு ஓடாமல், விசாவுக்கு மனுப் போட்ட அன்றே மிருக வைத்தியரைக் காணுங்கள்.

பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு கொடுக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைச் சிறு வயதில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒரு ஜீவனை நமது விருப்பத்துக்காகக் கூட்டில் அடைக்கும்போது அந்தக் கூட்டுக்குள் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் நாமே பொறுப்பு. வயதுபோன பூனை, நோயாளிப் பூனை, குட்டி ஈன்ற பூனை, எட்டு வாரம் ஆகாத குட்டி என்றால் பயணமே வேண்டாம். ராத்தா வீட்டிலோ மாமி வீட்டிலோ நம்பிக்கையாக ஒப்படைத்து, அதன் செலவுக்கு மாதா மாதம் ஏதாவது அனுப்புங்கள். பிள்ளைக்கும் காரணத்தைச் சொல்லிப் புரிய வையுங்கள். ஆனால், சந்தையடியில் இறக்கிவிட்டு, "அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்று மட்டும் போய்விடாதீர்கள்.