வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கலாமா? லைட் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்தபோது மன்னார் வளைகுடா அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆனால், சிவகாசியில் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளினாலும் நீல வெளிச்சத்தில் ஜொலிக்கும் பவளத் தொட்டி வீடியோக்கள் வந்து நிற்கின்றன. பார்ப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், ‘நம்ம லைட்டுக்கு எந்தப் பவளம் செட் ஆகும்?’ என்பதுதான். வெளிநாட்டு யூடியூபர்கள் இதற்கு விலாவாரியாகப் பதில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் பட்டியலில் பெரும்பகுதியை இந்தியாவில் வீட்டில் வைத்திருந்தால் ஜெயில் என்பதை மட்டும் சொல்வதில்லை. அவர்கள் நாட்டில் அந்தப் பிரச்னை இல்லை!

பவளத்துக்கு எதுக்கு லைட்?

பவளம் செடி இல்லை, விலங்கு. ஆனால், அதன் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியை வைத்து உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. லைட் குறைந்தால் பாசி பட்டினி, கூடவே பவளமும் பட்டினி.

கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலம்தான் ஆழம்வரை போகும். ரீஃப் லைட்டுகள் நீலமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பாக்கெட்டில் போட்டிருக்கும் ‘லூமென்ஸ்’ கணக்கை நம்பி இந்த லைட்டுகளை வாங்கக் கூடாது. லூமென் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் பச்சையை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணரும். பாசிக்குப் பயன்படும் ஒளியை அளப்பதற்கு ‘பார்’ என்று தனி அளவு இருக்கிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்ற கணக்கு அது.

பவளம் வளர்ப்பவர்கள் தோராயமாக வைத்திருக்கும் கணக்கு இது: மஷ்ரூம் கோரலுக்கு 50 முதல் 100 பார் போதும். லெதர் கோரல், ஜோவா வகைகள் 80 முதல் 150 வரை கேட்கும். கிளை கிளையாக வளரும் அக்ரோபோராவுக்கு 200-க்கு மேல், சில சமயம் 350 வரைகூடத் தேவைப்படும். ஒரே தொட்டியிலும் மேலே ஒரு அளவு, அடியில் ஒரு அளவு இருக்கும். அதனால், எந்தப் பவளத்தை வாங்குகிறோம் என்பதோடு அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

இதில் சட்டம் எங்கே வருது?

2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், ஆர்கன் பைப் கோரல், ஃபயர் கோரல், கடல் விசிறி எல்லாம் இதில் அடங்கும். 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 3 முதல் 7 ஆண்டுகள் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

‘அனைத்தும்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். அக்ரோபோரா, மான்டிபோரா மட்டுமில்லை. ரீல்ஸில் பிரபலமான ஹாமர், டார்ச், பிரெயின் கோரல் எல்லாமே கல் பவளங்கள்தான். “இது பண்ணையில வளர்த்தது சார், கடல்ல எடுத்தது இல்ல” என்று விற்பவர் சொல்லலாம். பட்டியலில் அப்படி ஒரு பிரிவே இல்லை. ஷோகேஸில் வைக்கும் காய்ந்த வெள்ளைப் பவளத் துண்டுக்கும் இதே சட்டம்தான்.

இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்டால், பதில் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், தூத்துக்குடிக் கடலில் இருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடி முதல் பாம்பன் வரையிலான 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் அது உடனே நிற்கவில்லை. அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று கடலுக்கு அடியில். அலையைத் தடுத்த பாறையை எடுத்துவிட்டால் மணல் எத்தனை நாளைக்கு நிற்கும்?

மிச்சமிருந்த பாறைகள்மேல் அடுத்து விழுந்தது வெப்பம். 2016 வெளிறலுக்கு முன் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதம். அதற்குப் பின் 22.7 சதவீதம்.

அப்போ எதை வளர்க்கலாம்?

மென் பவளங்களில் லெதர், ஜீனியா; பவளத்தின் உறவினர்களான மஷ்ரூம், ஜோவா. இவை முதல் அட்டவணையில் இல்லை. இங்கே ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது: குறைந்த வெளிச்சத்திலும் நடுத்தர வெளிச்சத்திலும் நன்றாக வளர்வதும் இவைதான். ஆக, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெரிய லைட் வாங்கத் தேவையே இல்லை. இவற்றுக்கு அது கெடுதலும்கூட. பெரிய லைட்டைத் தேடுபவர் பெரும்பாலும் அக்ரோபோராவைத் தேடுபவராக இருப்பார், அந்த வழியோ சட்டத்தில் அடைபட்டிருக்கிறது.

மென் பவளம் என்றாலும் கடலிலிருந்து நாமே எடுத்துவரக் கூடாது. தேசியப் பூங்காவுக்குள் எதை எடுப்பதும் குற்றம். கடையில் வாங்கினால் அறிவியல் பெயரோடு பில் கேளுங்கள், இறக்குமதிச் சரக்கு என்றால் அனுமதி ஆவணமும் கேளுங்கள். “கலர் கோரல் - 1” என்று மட்டும் எழுதித் தரும் பில் எதற்கும் உதவாது. கடையில் பார்த்த நிறத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். நீல லைட்டில் ஒளிர்ந்த பவளம், வெள்ளை லைட்டில் பழுப்பாகத் தெரியலாம்.

வீட்டுக்கு வந்ததும் முழு வெளிச்சம் கொடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஒளி மிதமிஞ்சினால் பாசிகள் நச்சு ஆக்சிஜனை உருவாக்கும், பவளம் அவற்றைத் துப்பிவிட்டு வெளுக்கும். வெப்பமும் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் நடப்பதும் இதேதான்.

நம் ஊரில் லைட்டைவிடப் பெரிய தலைவலி இந்த வெப்பம். தொட்டி நீர் 25-27 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் சில்லர் இல்லாமல் இது நடக்காது. ஃபேன் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் நீர் வேகமாக ஆவியாகி உப்பு கூடும். அதை ஈடுகட்ட போர் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஆர்.ஓ. நீர்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் மோட்டார் ஓட பேக்கப்பும் வேண்டும். இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு லைட் பக்கம் போங்கள்.

ஜோவா வாங்குபவர்களுக்கு இன்னொன்று. இதில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கிறது. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதாக நினைத்து வெந்நீரில் போட்டு, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கையுறை, கண்ணாடி போட்டுத்தான் தொட வேண்டும். அந்தக் கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது.