குண்டுக்கு முகவரி தெரியாது

தொலைக்காட்சியில் எங்கோ ஒரு நகரம் எரியும்போதெல்லாம் நம் தேநீர்க்கடைகளில் ஒரு பேச்சு கேட்கிறது. "இப்போ உள்ள குண்டெல்லாம் ஜன்னல் வழியா உள்ளே போய் ஆளை மட்டும் அடிக்கும் சார்." மறுநாள் அதே இடத்தில் நாற்பது பேர் செத்த செய்தி வரும். அப்போது, "அங்கே ஏதாவது இருந்திருக்கும், இல்லாமலா அடிப்பான்?" என்பார்கள். முதல் பேச்சை நம்பியவர் வாயில் இரண்டாவது பேச்சு தானாகவே வந்துவிடுகிறது. குண்டு குறி தவறாது என்று ஒப்புக்கொண்டால், செத்தவன்தான் குறி என்று ஆகிவிடுகிறது. குழந்தை செத்தாலும் குற்றம் குழந்தையின் பக்கம் போய்ச் சேருகிறது.

இந்த நம்பிக்கையைப் பொய் என்கிறேன். இதற்கு நான் அழைக்கும் சாட்சி, போரை வெறுத்து ஒதுங்கி நின்றவர் அல்ல. குண்டு ஏற்றிய விமானத்தில் உட்கார்ந்து, அதை இலக்குவரை கொண்டுபோகக் கணக்குப் போட்டவர். நேவிகேட்டர் என்பது அவருடைய பதவிப் பெயர்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் லங்காஸ்டர் விமானத்தில் ஏழு பேர் பறந்தார்கள். அவர்களில் நேவிகேட்டருக்கு ஒரு சிறு மேசை. அதைச் சுற்றித் திரை. மேசை விளக்கின் வெளிச்சம் வெளியே கசிந்தால் எதிரியின் இரவு வேட்டை விமானம் கண்டுகொள்ளும். அந்தத் திரைக்குள் வரைபடம், பென்சில், கவராயம், கையால் சுழற்றிக் கணக்கிடும் ஒரு கருவி, கடிகாரம். ஏழு எட்டு மணி நேரம் பிராணவாயு முகமூடியோடு அவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வானம் வெடித்துக்கொண்டிருக்கும். பக்கத்து விமானம் தீப்பிடித்து விழும். அவர் பென்சில் நிற்கக் கூடாது. நின்றால் ஏழு பேரும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போய்விடுவார்கள்.

அவர் போட்ட கணக்கு எப்படிப்பட்டது? ஒகேனக்கலில் பரிசல் போடுகிறவரைப் பாருங்கள். எதிர்க்கரையில் நேர் எதிரே இறங்க வேண்டுமானால், நீரோட்டத்துக்கு எதிராகச் சற்று மேலே முகம் வைத்துத்தான் துடுப்புப் போடுவார். ஆறு எவ்வளவு இழுக்கும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். வானத்தில் ஓடும் காற்று கண்ணுக்குத் தெரியாது. இரவு, மேகம், இருட்டடிப்பில் ஒளி அணைந்த நாடுகள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அறியாமல் ஒரு மணி நேரம் பறந்தால், போகவேண்டிய இடத்திலிருந்து 80 கிலோமீட்டர் விலகியிருப்பார்கள். காற்றைச் சரியாகப் பிடித்தாலும் திசையில் ஒரே ஒரு பாகை பிசகினால் போதும். 60 கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும். இங்கிலாந்திலிருந்து பெர்லினுக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஒரு பாகைப் பிசகுக்கு ஊரின் மையம் தப்பிவிடும்.

நேவிகேட்டருக்கு இது தெரியும். அதனால்தான் அவருடைய வரைபடத்தில் இரண்டு வகைக் குறிகள் இருந்தன. நட்சத்திரத்தையோ கரையோரத்தையோ வானொலி அலையையோ கொண்டு உறுதிசெய்த இடத்துக்கு ஒரு குறி. கணக்கின்படி இங்கே இருக்கலாம் என்று கொள்ளும் இடத்துக்கு வேறு குறி. அறிந்ததையும் ஊகித்ததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே என்பது அவர் தொழிலின் முதல் ஒழுக்கம். தரையில் இருந்தவர்கள் கைவிட்டது அந்த ஒழுக்கத்தைத்தான்.

போரின் முதல் இரண்டு ஆண்டுகளில், இலக்கை அடித்துவிட்டோம் என்ற அறிக்கைகள் குவிந்தன. குழுவினர் பொய் சொல்லவில்லை. கீழே தீயைப் பார்த்தார்கள், அதுவே இலக்கு என்று நம்பினார்கள். 1940 டிசம்பரில் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் எண்ணெய் ஆலைகளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 300 விமானங்கள் தாக்கியதாகச் சொல்லப்பட்ட அந்த இரு ஆலைகளிலும் பெரிய சேதம் ஏதும் இல்லை. மறு ஆண்டு, சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபுவின் வேண்டுகோளின்படி, பட் என்ற அரசு அதிகாரி, குண்டு விழும் நேரத்தில் எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஆராய்ந்தார். 1941 ஆகஸ்டில் அவர் தந்த அறிக்கை சொன்னது இது: இலக்கைத் தாக்கியதாகப் பதிவான விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து 5 மைல் தூரத்துக்குள் வந்திருந்தது. ஆலைப் புகை மூடிய ரூர் பகுதியில் பத்தில் ஒன்று. அமாவாசை இரவுகளில் பதினைந்தில் ஒன்று.

5 மைல் என்றால் எட்டு கிலோமீட்டர். சென்னை சென்ட்ரலைக் குறிவைத்தவர் அடையாறுக்கு அருகில் போட்டாலும் 'இலக்குக்கு அருகே' என்ற கணக்கில் சேரும் அளவு அது. அந்தத் தாராளமான அளவுகோலிலும் மூன்றில் இருவர் தவறினார்கள். இலக்கைத் தாக்கியதாகச் சொல்லாதவர்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

உண்மை வெளிப்பட்டதும் நேர்மையான ஓர் அரசு என்ன செய்திருக்க வேண்டும்? குறி வைக்க முடியவில்லை என்று மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும். தளபதிகள் முதலில் அறிக்கையை நம்ப மறுத்தார்கள். பிறகு குறியைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். ஆலையை அடிக்க முடியவில்லையென்றால் ஊரை அடி. 1942 பிப்ரவரி 14-ஆம் தேதி பிறந்த ஆணை, எதிரி நாட்டுக் குடிமக்களின், குறிப்பாக ஆலைத் தொழிலாளர்களின் மன உறுதியைக் குலைப்பதையே நோக்கமாக்கியது. மறுநாள் விமானப்படைத் தலைவர் போர்ட்டல் ஐயத்துக்கே இடமில்லாமல் எழுதிவைத்தார்: குறி வைக்கவேண்டியது குடியிருப்புப் பகுதிகள், கப்பல் துறைகளோ விமான ஆலைகளோ அல்ல. அடுத்த மாதம் லூபெக் நகரம் எரிந்தது. கடலோரத்தில் இருந்ததால் கண்டுபிடிக்க எளிது. மரவீடுகள் நெருங்கிய பழைய ஊர் என்பதால் கொளுத்த எளிது. அது தேர்வானதற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணங்கள். ஆனால் பிரிட்டிஷ் மக்களிடம் இராணுவ இலக்குகளைத்தான் அடிக்கிறோம் என்றே தொடர்ந்து சொல்லிவந்தார்கள்.

அந்தப் பொய்யின் விலையை ஜெர்மானியக் குடும்பங்கள் மட்டும் கொடுக்கவில்லை. அதைச் சுமந்து பறந்தவர்களும் கொடுத்தார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். 1944 மார்ச் 30-ஆம் தேதி இரவு நியூரம்பர்க்கை நோக்கி 795 விமானங்கள் கிளம்பின. முன்னறிவிப்பில் சொன்ன காற்று ஒன்று. வானத்தில் அடித்த காற்று வேறு. தேர்ந்த நேவிகேட்டர்கள் சிலர் தாங்கள் அளந்த காற்றைத் தளத்துக்கு வானொலியில் அனுப்ப, தளம் அதைச் சராசரியாக்கி எல்லோருக்கும் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அப்போது இருந்தது. அப்படியும் கூட்டம் சிதறியது. பல விமானங்கள் 90 கிலோமீட்டர் வடமேற்கே இருந்த ஷ்வைன்ஃபுர்ட்டை நியூரம்பர்க் என்று நினைத்துக் குண்டு போட்டன. அந்த ஒரே இரவில் 95 விமானங்கள் திரும்பவில்லை.

'பிரிட்டிஷார் இரவில் பறந்தார்கள். அமெரிக்கர்கள் பகலில், நவீனக் குறிக்கருவியோடு பறந்தார்களே' என்று சிலர் கேட்கலாம். ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் குண்டு போட்டுக் காட்டுவோம் என்று பெருமை பேசப்பட்ட நார்டன் குறிக்கருவி அவர்களிடம் இருந்தது உண்மை. போர் முடிந்ததும் அமெரிக்க அரசே நடத்திய ஆய்வின் கணக்கைப் பாருங்கள்: குறிப்பிட்ட இலக்குகளை நோக்கி வீசிய குண்டுகளில் ஐந்தில் ஒன்றுதான் இலக்குப் பகுதிக்குள் விழுந்தது. மற்ற நான்கும் ஏதோ ஒரு வயலில், ஏதோ ஒரு தெருவில், யாரோ ஒருவர் வீட்டில் விழுந்தன.

வழி தவறிய குண்டுகளின் பட்டியலை ஒருமுறை படித்தால் நெஞ்சு பதறும். 1940 மே 10: பிரான்சின் திஜோனுக்குக் கிளம்பிய ஜெர்மானிய விமானங்கள் தங்கள் நாட்டு ஃப்ரைபர்க் நகரின் மீதே குண்டு போட்டன, 57 பேர் இறந்தார்கள், ஹிட்லர் அரசு அந்தப் பழியை எதிரி மீது போட்டது. 1944 பிப்ரவரி 22: ஜெர்மனியிலிருந்து திரும்பிய அமெரிக்க விமானங்கள், விடுவிக்கப்பட வேண்டிய நெதர்லாந்தின் நைமேகன் நகரைத் தாக்கின, சுமார் 800 பேர் இறந்தார்கள். 1944 ஏப்ரல் 1: நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் அமெரிக்கக் குண்டுகளால் 40 பேர் இறந்தார்கள், அவர்கள் தாக்க வேண்டியிருந்த ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே இருந்தது. 1945 பிப்ரவரி 14: ஜெர்மனியின் டிரெஸ்டன் என்று நினைத்து அமெரிக்கர்கள் பிராக் நகரைத் தாக்கினார்கள், 701 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 120 கிலோமீட்டர். இந்த ஊர்களில் இறந்தவர்களைப் பார்த்து, 'அங்கே ஏதாவது இருந்திருக்கும்' என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

1945 மார்ச் 4-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தின் மீது அமெரிக்கக் குண்டு விழுந்தபோது, முன்னணி விமானத்தின் விமானியையும் நேவிகேட்டரையும் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நடிகரும் விமானப்படை அதிகாரியுமான ஜேம்ஸ் ஸ்டீவர்ட் அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தார். இருவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. மேகத்துக்கு மேலே பென்சிலோடு உட்கார்ந்திருந்த இளைஞன் மீது பழிபோட்டு நாம் தப்பிக்க முடியாது. பிசகு அந்தத் தொழிலின் உடன்பிறப்பு என்று அறிந்தும், பிசகே இல்லை என்று ஊருக்குச் சொன்னவர்கள்தான் பொறுப்பாளிகள்.

எதிர்வாதத்தின் வலுவான பகுதியையும் மறைக்க மாட்டேன். போரின் பின்பாதியில் கருவிகள் முன்னேறின. 1942-இல் ஜீ என்ற வானொலி வழிகாட்டிக் கருவி வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஓபோ என்ற இன்னொரு கருவி வந்தது. ஓபோவில் இங்கிலாந்தின் இரண்டு நிலையங்களிலிருந்து வந்த அலைகளைக் கொண்டு சில நூறு மீட்டருக்குள் குறி வைக்க முடிந்தது. ஆனால் அதன் எட்டும் தூரம் பூமியின் வளைவோடு முடிந்துபோனது. ஜீயின் அலையை ஜெர்மானியர்கள் இரைச்சலால் அடைத்தார்கள். இவ்வளவு கருவிகளும் கையில் இருந்த 1945-இல்தான் பிராக் எரிந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

'அது பழைய காலம். இப்போது செயற்கைக்கோள் வழிகாட்டுகிறது' என்பது கடைசி வாதம். 1999 மே 7-ஆம் தேதி பெல்கிரேடில் ஐந்து குண்டுகள், செயற்கைக்கோள் வழிகாட்ட, கொடுத்த இடத்துக்கே சென்றன. அங்கே இருந்தது சீனத் தூதரகம். மூன்று பேர் இறந்தார்கள். பழைய வரைபடம், தவறான இடக்குறிப்பு என்று அமெரிக்கா விளக்கம் சொன்னது. 1991 பிப்ரவரி 13-இல் பாக்தாதின் அமிரியா கட்டடத்தை இரண்டு குண்டுகள் பிசகாமல் துளைத்தன. கட்டளை மையம் என்று நினைத்தார்களாம்; உள்ளே தஞ்சம் புகுந்திருந்த 400-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கருகினார்கள். 2015 அக்டோபர் 3-இல் ஆப்கானிஸ்தானின் குண்டூசில், கொடுத்த ஆயத்தொலைவுகள் ஒரு வெற்று நிலத்தைக் காட்டின. விமானக் குழு, சொல்லப்பட்ட வர்ணனைக்குப் பொருந்துகிறது என்று பக்கத்திலிருந்த ஒரு கட்டடத்தைத் தேர்ந்துகொண்டது. அது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை. 42 பேர் இறந்தார்கள். தன் இருப்பிடத்தை அந்த அமைப்பு முன்கூட்டியே தெரிவித்திருந்தது.

குண்டு எவ்வளவு கூர்மையானாலும், அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது யாரோ ஒருவரின் கணிப்பு. அன்று காற்றைப் பற்றிய ஊகம். இன்று கட்டடத்தைப் பற்றிய ஊகம். நேவிகேட்டர் தன் ஊகத்துக்குத் தனிக் குறி போட்டார். இன்றைய அறிக்கைகள் ஊகத்தையும் உண்மையையும் ஒரே மையில் எழுதுகின்றன. நம் செய்தித்தாள்களும் 'துல்லியத் தாக்குதல்' என்று அப்படியே அச்சடிக்கின்றன. தாக்கியவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட நற்சான்று அது. அதைச் செய்தியாக வெளியிடுவது பத்திரிகைத் தர்மம் ஆகாது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'துல்லியத் தாக்குதல்' என்ற சொல் கண்ணில் பட்டால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குண்டு விழுந்த பிறகு அங்கே போய்ப் பார்த்தது யார்? 1941-இல் அதைக் கேட்டு, படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஓர் ஆள் இருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றால், இறந்தவர் மீது பழி சொல்ல நமக்கு உரிமை இல்லை.