விரலுக்கேற்ற தந்தி

தந்தி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பிழைப்புகள் இருந்தன. வாசலில் வந்து நின்றாலே வீட்டைக் கலங்கடித்த தந்தி ஒன்று. 2013 ஜூலையில் அதற்கு மூடுவிழா நடந்துவிட்டது. மற்றது வீணையிலும் தம்புராவிலும் கட்டப்படுகிற தந்தி. அதற்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. அதன் வாரிசுதான் ஷில்லாங்கிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இளைஞர்கள் தோளில் மாட்டிக்கொண்டு அலையும் எலெக்ட்ரிக் கிதாரில் ஆறு வரிசையாக ஓடுகிறது. வாசிப்பவர்கள் அதைத் தந்தி என்பதில்லை, ஸ்ட்ரிங் என்கிறார்கள். கடைக்குப் போய் 'நைன் செட்' என்றோ 'டென் செட்' என்றோ கேட்கிறார்கள். இந்த ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நடக்கும் சண்டை, வடகலை தென்கலைச் சண்டைக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல.

எண்ணின் பொருள் எளிது. ஆறில் மிக மெல்லிய தந்தியின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் அது. ஒன்பது என்றால் சுமார் 0.23 மில்லிமீட்டர், பத்து என்றால் 0.25. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விரலுக்குத் தெரியும். வழக்கமான சுருதியில், இரண்டு முனைகளுக்கும் இடையே இருபத்தைந்தரை அங்குலம் உள்ள கிதாரில், ஒன்பது செட்டின் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை ஏறத்தாழ 38 கிலோ. பத்து செட்டில் அது 47 கிலோ. இந்த ஒன்பது கிலோ வித்தியாசத்தைக் கிதாரின் கழுத்து தாங்கிக்கொள்ளும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு ஏற்றும் விரல் நுனி, தன் பங்கை வலியாகச் செலுத்துகிறது.

காரணத்தைப் பிரெஞ்சுப் பாதிரியார் மரேன் மெர்சேன் 1636இலேயே எழுதி வைத்துவிட்டார். நீளம் மாறாமல் ஒரே ஸ்வரம் வேண்டுமென்றால், தந்தியின் கனம் கூடக்கூட இழுவிசையையும் கூட்டியாக வேண்டும். ஏமாற்ற முடியாத கணக்கு இது. கனத்த தந்தியைத் தளர்வாகக் கட்டலாம், ஆனால் சுருதி இறங்கிவிடும்.

இருந்தும் கனமே சிறந்தது என்ற நம்பிக்கை கிதார் உலகில் பலமாக வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சாட்சியாக அடிக்கடி கூண்டில் ஏற்றப்படுபவர், 1990இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த டெக்ஸஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான். அவர் கட்டியது பதின்மூன்று. தேர்வடம் என்றே சொல்லலாம். விரல் தோல் கிழிந்தால் சூப்பர் க்ளூ பசையால் ஒட்டிக்கொண்டு மேடையேறினார் என்பது பிரசித்தமான கதை. கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள்: அவர் எல்லாத் தந்திகளையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டியிருந்தார். தவிர, அந்தக் கைகள் அவருடையவை. பதினைந்து வயதுப் பையன் பதின்மூன்றைக் கட்டினால் அவனுக்குக் கிடைப்பது அவருடைய நாதம் அல்ல, கொப்புளம்தான். இரண்டு மாதம் கழித்து, 'எனக்குக் கை கூடவில்லை' என்று கிதார் பரணுக்குப் போகும். கூடாமல் போனது கையா தந்தியா என்று விசாரிக்க அந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

எதிர்ச் சாட்சி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருக்கிறார். பெயர் டோனி அயோமி. 1965இல் அவருக்கு 17 வயது. இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. முழுநேர இசைக்குப் போவதற்காக வேலையை விட முடிவு செய்திருந்தார். கடைசி நாளன்று, வேலைக்கு வராத இன்னொருவரின் எந்திரத்தில் அவரை உட்காரவைத்தார்கள். எந்திரம் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துக்கொண்டது. அயோமி இடக்கைக்காரர். ஆகவே தந்தியை அழுத்தும் கை அவருக்கு வலக்கைதான். மருத்துவர்கள் இனி வாசிக்க முடியாது என்றார்கள்.

தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டோடு பார்க்க வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928இல் தீயில் கருகி இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் ஐரோப்பாவையே கேட்கவைத்த ஜிப்ஸிக் கலைஞர் அவர். அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குக் குப்பி செய்தார். பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினார். விரல் முளைத்துவிட்டது, தொடு உணர்ச்சி வரவில்லை. கடையில் கிடைத்த கனமான தந்திகளை அந்தக் குப்பி விரல்களால் வளைக்க முடியவில்லை. எனவே பாஞ்சோ என்ற வேறொரு வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை வாங்கிக் கிதாரில் கட்டினார். பிறகு சுருதியையும் இறக்கி மேலும் தளர்த்தினார். 1971இல் வெளியான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் பல பாடல்கள் ஒன்றரை ஸ்வரம் கீழே இருப்பவை. பிளாக் ஸாபத் குழுவின் அந்த இருண்ட, கனத்த ஒலியிலிருந்துதான் ஹெவி மெட்டல் என்ற வகையே கிளைத்தது. 2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்ஹாமில் அந்தக் குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. பெயரிலேயே கனத்தை வைத்திருக்கும் இசை, கனமான தந்தியைத் தாங்க முடியாத இரண்டு விரல்களால் பிறந்தது.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தபோது, அந்த வாத்தியத்தின் மரபான நான்கு ஜோடித் தந்திகளைக் கைவிட்டார். மின் மாண்டலினில் ஒற்றைத் தந்திகளைக் கட்டி, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். ஜோடியை ஒரே அளவு வளைத்துக் கமகம் பிடிப்பது பெரும்பாடு. ஒற்றைத் தந்தி விரல் சொன்னபடி கேட்கும். ஸம்பிரதாயம் பேசியவர்களைக் கச்சேரி வாயடைத்தது.

கனத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. எலெக்ட்ரிக் கிதாரின் ஒலி, காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருளுக்கு மேலே இரும்புத் தந்தி அதிர்வதால் பிறப்பது. உலோகம் கூடினால் சமிக்ஞையும் சற்றுக் கூடும். ஓங்கி அடிக்கும் கைக்கு மெல்லிய தந்தி ஸ்ருதி பிசகி ஏறும். சுருதியை மிகவும் இறக்கி வாசிப்பவருக்குக் கனமான தந்திதான் தொளதொளக்காமல் நிற்கும். இவையெல்லாம் காரணங்கள். 'பெரிய கலைஞர் கட்டுகிறார்' என்பது காரணம் அல்ல. சமிக்ஞை குறைந்தால் ஆம்ப்ளிஃபையரில் ஒரு திருகு திருகினால் போயிற்று.

உலோகத்திலும் தேர்வு உண்டு. நிக்கல் முலாம் பூசிய இரும்பு நடுநிலை. பெரும்பாலோர் கட்டுவது அதுதான். சுத்த நிக்கல் சுற்றியது சற்று மிருதுவாகப் பேசும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கணீரென்று ஒலிக்கும், துருவுக்கு அஞ்சாது, ஆனால் மெட்டுகளைச் சீக்கிரம் தேய்க்கும். 1990களில் வந்த பாலிமர் பூச்சுத் தந்திகள் விலை அதிகம். ஆனால் சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றையும் வியர்வையையும் கூடுதல் நாள் தாங்கும். வழவழப்பு சிலருக்குப் பிடிப்பதில்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைப்பது, காசு செலவில்லாத பூச்சு.

புதுத் தந்தியைச் சோதிக்கவும் முறை உண்டு. கட்டிய உடனே தீர்ப்பு எழுதக்கூடாது. மெதுவாக இழுத்து இழுத்து, மறுபடி சுருதி சேர்த்து, அது நிலைகொள்ளும்வரை பொறுக்க வேண்டும். பிறகு பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி வாசித்த ஸ்வரமும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் மேல்ஸ்வரமும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் குதிரையில் அந்தத் தந்தி அமர்ந்திருக்கும் தாங்கியை நகர்த்த வேண்டும். கனம் மாறினால் கழுத்தின் வளைவும் மாறும். அதற்குரிய முறுக்காணியைத் தெரிந்தவர் கையில் விடுவது நல்லது. புதுத் தந்தியின் பளபளத்த ஒலி சில நாளில் அடங்கிவிடும். அடங்கிய பிறகும் பிடித்திருக்கிறதா என்பதே கேள்வி. மூன்றாம் நாளும் ஒரு மணி நேரம் வாசித்து, கையை உதறாமல் எழுந்திருக்க முடிந்தால் அதுதான் உங்கள் எண்.

மொழிபெயர்ப்பில் இருபது வருடமாக இதே வழக்கைப் பார்த்து வருகிறேன். கனமான சொல்லைப் போட்டால் வாக்கியத்துக்கு மதிப்புக் கூடும் என்று நம்பும் கூட்டம் அங்கேயும் உண்டு. வாக்கியம் வளையாமல் நிற்கும், அவ்வளவுதான்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது சிக்கனத்துக்காகச் சொன்ன பழமொழி. கிதார் வாங்கித்தரும் பெற்றோர் அதை வேறு பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை கை வலிக்கிறது என்று சொன்னால், 'பயிற்சி போதவில்லை' என்று அதட்டுவதற்கு முன்னால், சில நூறு ரூபாய் செலவழித்து ஒரு நைன் செட் வாங்கிக் கொடுங்கள். வாத்தியம் பரணுக்குப் போவதை அது பல வீடுகளில் தடுக்கும்.