விட்டுக்கொடுத்த ஒரு தட்டு

கோல்ப் தனியொருவரின் ஆட்டமென்றே பலரும் எண்ணுகின்றனர். பெரிய பந்தயங்களுட் பெரும்பாலானவற்றில் அது உண்மையே. ஆட்டக்காரர் நான்கு நாட்களில், நாளொன்றுக்கு 18 ஆக 72 குழிகளை ஆடி முடிப்பர். மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவராவர். இம்முறையில் எவரும் எவருக்கும் எதனையும் விட்டுக்கொடுத்தல் இயலாது. பந்து குழியின் விளிம்பிலே நின்றாலும் அதனை உள்ளே தட்டியே தீரவேண்டும்.

அணியும் அணியும் மோதும்போது நிலை வேறு. விதை வணிகர் சாமுவேல் ரைடர் வழங்கிய கிண்ணத்துக்கான போட்டி 1927 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. முதலில் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் அதிற் பொருதின. 1979 முதல் ஐரோப்பிய அணி அமெரிக்காவை எதிர்த்து வருகின்றது. இங்கே மொத்த அடிகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு குழியும் தனித்தனியே வெல்லப்படும். கூடிய குழிகளை வென்ற பக்கத்துக்கு ஒரு புள்ளி. சமமாக முடிந்தால் இரு பக்கத்துக்கும் அவ்வவ் அரைப் புள்ளி. எதிரியின் அடுத்த அடி தவறாதென்று கருதினால், அதனை அடியாமலே அடித்ததாக ஒப்புக்கொள்ளவும் இம்முறை இடந்தருகின்றது.

இருவர் சேர்ந்தாடும் ஆட்டங்கள் இருவகைப்படும். ஒன்றில் நால்வரும் தத்தம் பந்தை ஆடுவர். சோடியில் எவர் குறைந்த அடிகளில் முடித்தாரோ அவர் கணக்கே எடுக்கப்படும். மற்றையதில் சோடிக்கு ஒரே பந்து. ஓர் அடி இவருடையது, அடுத்தது அவருடையது. இவர் பந்தைப் புதருக்குட் செலுத்தினால், அதனை மீட்கும் பாடு அவரைச் சாரும். அவ்வேளையில் முகஞ் சுளிக்கும் கூட்டாளியைக் கொண்டு வெல்வது அரிது. இல்லறம் நடத்துவோருக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிறர் பிழையைச் சுமப்பது அணியாட்டத்தின் ஒரு பக்கம். அணியின் பொருளைத் தன் கையில் வைத்திருப்பது மறுபக்கம். 1969 ஆம் ஆண்டு செப்டெம்பரில், இங்கிலாந்தின் ரோயல் பேர்க்டேல் திடலில், இது பெருங் கேள்வியாக எழுந்தது.

அவ்வாண்டுப் போட்டியில் இரு அணியினருக்குமிடையே மனக்கசப்பு மிகுந்திருந்தது. 32 ஆட்டங்களில் 31 முடிந்தபோது புள்ளிகள் 15½க்கு 15½. இறுதி ஆட்டத்தில் அமெரிக்கரான ஜக் நிக்லஸும், இரண்டு மாதங்களுக்கு முன்னர் பிரித்தானியப் பகிரங்கப் பட்டத்தை வென்றிருந்த டொனி ஜக்லினும் சமநிலையில் கடைசிக் குழியை அடைந்தனர். நிக்லஸ் தம் பந்தைக் குழியிலிட்டார். ஜக்லினுக்கு எஞ்சியது ஏறத்தாழ இரண்டு அடி தூரம். அவர் தவறினால் வெற்றி அமெரிக்காவுக்கு. நிக்லஸ் குனிந்து, ஜக்லினின் பந்து இருந்த இடத்தைக் காட்டிய அடையாளத்தை எடுத்து அவர் கையிற் கொடுத்துவிட்டார். போட்டி 16க்கு 16 என முடிந்தது. ரைடர் கிண்ண வரலாற்றில் முதற்றடவையாக இரு அணிகளும் சமமாயின.

அமெரிக்க அணித் தலைவர் சாம் ஸ்னீட் இதனை விரும்பவில்லை. அவர் பக்கத்திலும் நியாயமுண்டு. தன் பொருளை வழங்குவது ஈகை. பன்னிருவருக்குப் பொதுவான பொருளை ஒருவர் வழங்கலாமா? மூன்று நாள் உழைத்த தோழர்களைக் கேளாமலே வெற்றி வாய்ப்பொன்று கைவிடப்பட்டதல்லவா?

நாம் நிக்லஸின் பக்கமே நிற்போம். ஆயினும் ஒரு நிபந்தனையுடன். போட்டி சமமாக முடிந்தால் கிண்ணம் முன்னர் வென்றவரிடமே இருக்குமென்பது விதி. முன்னர் வென்றவர் அமெரிக்கர். ஆகவே நிக்லஸ் கிண்ணத்தைக் கொடுத்துவிடவில்லை. சொந்த நாட்டு மக்கள் சூழ்ந்து நிற்க, ஓர் இளைஞனின் கைநடுக்கத்தால் வரக்கூடிய வெற்றியையே வேண்டாமென்றார். கிண்ணமே கைமாறும் நிலை இருந்திருப்பின், தோழர்களைக் கேளாது அவ்வாறு செய்வதை ஆதரிக்க நாம் தயங்கியிருப்போம். கழகத்திலும் சங்கத்திலும் குடும்பத்திலும் பிறர் சார்பாக முடிவு செய்வோர், எதனை விட்டுக்கொடுக்கிறோம், அது யாருடையது என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

அந்த இருவரும் பின்னர் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு கோல்ப் திடலைச் சேர்ந்து வடிவமைத்தனர். அது 2006 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட ஆங்கிலப் பெயரின் பொருள், விட்டுக்கொடுப்பு என்பதாகும்.