போனாரா, கொண்டுபோகப்பட்டாரா?



சென்ற இதழில் ஆங்கிலத்தில் உவமை, உருவகம் பற்றிப் பார்த்தோம். இம்முறை ஒன்றைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் காட்டும் இரண்டு உத்திகளைப் பார்ப்போம்.

கண்டியில் வாழ்ந்து 2019இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் ஜீன் அரசநாயகம். பறங்கியர் குடும்பத்தில் பிறந்து தமிழரை மணந்தவர். 1983 கலவரத்தின்போது குடும்பத்தோடு அகதி முகாமில் இருந்தார். பின்னர் வெளிவந்த அவரது கவிதைத் தொகுதியின் பெயர் 'அபொகலிப்ஸ் '83'. முதற்சொல், உலக முடிவைப் பற்றிய விவிலியத்தின் கடைசி நூலை நினைவூட்டுவது. அதன் பக்கத்தில் ஆண்டைப் போட்டதும், நம் கண்முன்னே நடந்த அழிவு எவ்வளவு பெரியது என்பது விளங்கிவிடுகிறது. பழைய நூலொன்றை இப்படிச் சுட்டிப் பேசுவதை 'அலூஷன்' என்பார்கள்.

மற்றையது 'யூஃபமிசம்'. 'செத்தார்' என்னாமல் 'காலமானார்' என்கிறோம். நன்னூல் இதை மங்கலம் என்கிறது. ஆங்கிலத்தில் 'பாஸ்ட் அவே' என்பார்கள். துக்க வீட்டில் இது மரியாதை. ஆனால் முறைப்பாட்டுக் கடிதத்தில்?

கிளிநொச்சியிலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டையில் மகளோடு இருக்கும் ஓர் அம்மாவுக்கு, அவருடைய கணவரைப் பற்றி ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். 'ஹீ வென்ற் மிஸ்ஸிங்' என்று தொடங்கினேன். தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னார். "அவர் காணாமல் போனார்" என்றேன்.

"பிள்ளை, அவர் தானாப் போனவரே? வாசலிலை வைச்செல்லோ பிடிச்சுக்கொண்டு போனவை" என்றார்.

எனக்கு முகம் கறுத்துவிட்டது. மென்மையாக எழுதுவதாக நினைத்து, செய்தவர்களையே வசனத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமல்ல. ஆர்ஜென்டினாவில் 1977 முதல் தாய்மார் சதுக்கத்தில் கூடிப் பிள்ளைகளைக் கேட்டார்கள். அத்தகைய நாடுகளின் அனுபவத்தால், 'தானாக மறைதல்' என்றிருந்த ஆங்கில வினை, ஒருவரை மற்றவர் 'மறையச் செய்தல்' என்றும் வழங்கலாயிற்று. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சமவாயத்தை ஏற்றது. இலங்கை 2016இல் அதில் இணைந்தது. நமது தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று அழுத்திச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆனால் 'ஆக்கப்பட்டார்' என்ற செயப்பாட்டு வினையிலும் செய்தவர் தெரியமாட்டார். ஆகவே அந்த அம்மாவின் கடிதத்தைத் திருத்தினோம்: எந்தத் திகதி, எந்த இடம், எந்த வாகனத்தில் எத்தனை பேர் வந்து கொண்டுபோனார்கள் என்று எழுதினோம். கண்டதை மட்டும் எழுதினோம். காணாததைச் சேர்க்கவில்லை.

உங்களிடமுள்ள கடிதப் பிரதியை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடிட்டு, 'இதைச் செய்தது யார்?' என்று கேளுங்கள். பதில் வசனத்தில் இல்லாவிட்டால், தெரிந்ததைச் சேர்த்து மீண்டும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.