வௌவால் வில்லன் அல்ல



"டீச்சர், வௌவால் கடித்தால் நாம் இரத்தக் காட்டேரி ஆகிவிடுவோமா?"

பிரிக்பீல்ட்ஸில் நான் பாடம் நடத்தும் படிவம் மூன்று வகுப்பில் ஒரு மாணவன் இப்படிக் கேட்டான். முந்தைய நாள் இரவு அவன் 'அண்டர்வேர்ல்ட்' படம் பார்த்திருந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது.

லென் வைஸ்மன் இயக்கி 2003இல் வெளிவந்த படம் அது. இரத்தக் காட்டேரிகளுக்கும் ஓநாய் மனிதர்களுக்கும் பல நூற்றாண்டுகளாகப் போர் நடக்கிறது. ஒரு பக்கம் புற ஊதாக் கதிர் தோட்டா, மறுபக்கம் சில்வர் நைட்ரேட் தோட்டா. மற்றப் பேய்ப் படங்களில் சாபமும் மந்திரமும் காரணமாக இருக்கும். இந்தப் படத்தில் காரணம் ஒரு வைரஸ். கொள்ளை நோயிலிருந்து பிழைத்த ஒருவரின் ஒரு மகனை வௌவால் கடிக்கிறது, இன்னொரு மகனை ஓநாய் கடிக்கிறது. அங்கிருந்துதான் இரண்டு குலங்களும் தோன்றுகின்றன. கதையை உருவாக்கியவர்களில் ஒருவரான கெவின் கிரேவியூ நுண்ணுயிரியல் படித்தவர்.

மந்திரத்தை விட்டுவிட்டுக் கிருமியைக் காரணமாகக் காட்டியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வௌவால்தான் தீமையின் தொடக்கம் என்ற எண்ணத்தோடு நீங்கள் படத்தை முடித்துவிடக் கூடாது. ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக்கில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் சிலர் மூளைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டார்கள். பிறகு நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். கொசுவை ஒழிக்கப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அப்படியும் சாவு நிற்கவில்லை.

சில தடயங்கள் பொருந்தாமல் இருந்தன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே நோயுற்றவர்களோ பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் சுவா கௌ பிங் நோயாளியிடமிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். 1999 மார்ச்சில் அதை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். அது யாரும் எதிர்பார்த்த கிருமி அல்ல. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா வைரஸ் என்று பெயர் வந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

அந்த வைரஸ் இயற்கையாக வாழும் இடம், மலாய்க்காரர்கள் கெலுவாங் என்று சொல்லும் பெரிய பழந்தின்னி வௌவால். அப்படியானால் வௌவால்தான் குற்றவாளியா? பண்ணைக்குப் பக்கத்திலேயே பழ மரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் பன்றிக் கொட்டகையில் விழுந்தன. பன்றியிடமிருந்து நோய் மனிதனுக்கு வந்தது. வௌவால் யாரையும் தேடி வந்து கடிக்கவில்லை. கிருமி வந்த வழியை அமைத்துக் கொடுத்தது நாம்தான்.

வௌவால்களைக் கொன்று தீர்த்தால் இழப்பும் நமக்குத்தான். கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறிப் பத்துமலைக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள குகைகளில் தேன் குடிக்கும் சிறிய வௌவால் இனம் ஒன்று வாழ்கிறது. டுரியான் பூ இரவில் மலர்கிறது. இந்த வௌவால்கள் இரவில் பறந்து போய் டுரியான், பெத்தாய் பூக்களில் தேன் குடித்து மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. அவை இல்லாவிட்டால் டுரியான் விளைச்சல் குறையும்.

பயம் எதிரியைத் தேடும். அறிவியல் வழியைத் தேடும். அந்தப் படத்திலும் சிங்கே என்ற ஒரு பாத்திரம் இரத்தத்தைக் குடிக்காமல் சோதனைக் குழாயில் ஊற்றி ஆராயும். அவர் நல்லவர் அல்ல. ஆனாலும் துப்பாக்கி பிடித்தவர்களை விட, கதையின் முடிச்சு அவிழ்வது அந்த மேசையில்தான்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "நீ காட்டேரி ஆகமாட்டாய். ஆனால் வெறிநாய்க்கடி வைரஸ் என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது பெரும்பாலும் கடியின் வழியாகப் பரவும். சரவாக்கில் 2017 முதல் நாய்க்கடியால் மனிதர்கள் அதில் இறந்திருக்கிறார்கள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. அதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டால் பிழைக்கலாம். அதனால் நாயோ பூனையோ வௌவாலோ கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவு. உடனே கிளினிக்குக்குப் போ. அம்மா ஏசுவார் என்று மறைக்காதே."

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.