கலவையறிவே எஃகறிவு

கத்திக்குக் கூர்மை ஒன்றே போதாது. கூர் மழுங்காமை, வாய் உடையாமை, துருவேறாமை என்னும் மூன்றும் வேண்டும். ஆயின், இவை ஒன்றையொன்று குறைக்கும் இயல்பின. கரியை மிகுத்தால் கடினமும் கூடும்; முறியுந் தன்மையும் கூடும். துருவைத் தடுக்கக் குரோமியத்தை மிகுத்தாலோ, அது கரியொடு சேர்ந்து பருமணிகளாய்த் திரளும். அம்மணிகள் எஃகின் உறுதியைக் குலைப்பதோடு, துருவைத் தடுக்கவேண்டிய குரோமியத்தையும் தம்முள் சிறைப்படுத்தும். எனவே, மேன்மேலும் கொட்டுவது எஃகு வடித்தலாகாது. எதனை எவ்வளவில் நிறுத்துவது என்னும் அறிவே எஃகு வடித்தலாகும்.

2021-இல் அமெரிக்காவில் வெளிவந்த மேக்னாகட் என்னும் கத்தியெஃகு இதற்குத் தக்க சான்று. அதனை வடித்த மாழையியல் அறிஞர் லாரின் தாமசு, குரோமியத்தை 10.7 விழுக்காட்டிலும் கரியை 1.15 விழுக்காட்டிலும் நிறுத்தினார். கரியைப் பற்றிக்கொள்ள வனேடியம் 4, நியோபியம் 2 விழுக்காடு சேர்த்தார். தக்கவாறு காய்ச்சித் தோய்க்குங்கால், இவை கரியொடு கூடி நுண்மணிகளாய்க் கூரைக் காக்கின்றன; குரோமியம் எஃகினுள் கரைந்து நின்று துருவைத் தடுக்கிறது. உலை மூட்டுமுன்னரே இக்கலவை கணிப்பொறியில் கணக்கிடப் பெற்றது.

இவ்வனேடியத்திற்குத் தென்னாட்டு உருக்கொடும் உறவுண்டு. நொய்யற்கரைக் கொடுமணலில் எஃகு உருக்கிய தடயங்கள் அகழாய்வில் வெளிப்பட்டன. தென்னாட்டு உருக்கை 1819-22 ஆண்டுகளில் ஆராய்ந்த மைக்கேல் பாரடே, அதனைப்போற் செய்யவேண்டிப் பல மாழைகளை எஃகிற் கலந்து பார்த்தார். இந்திய உருக்கால் அடித்த தமாசுகசு வாள்களின் அலைக்கோலத்திற்கு, தாதுவிற் தானே கலந்திருந்த மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற பொருள்களே காரணம் என்று வெர்கோவன், பெண்டிரே முதலியோர் 1998-இல் எழுதினர். தாது மாறியபோது கோலமும் மறைந்தது. ஏனென்று அறியக் கொல்லர்க்கு வழியில்லை என்பது அவர்தம் கருத்து. கை அறிந்ததைக் கருத்து அறியாமையால் ஒரு கலையே மாண்டது.

இன்றும் ஊர்ப்பட்டறைகளில் பழைய வண்டிகளின் வில்பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடிக்கின்றனர். நெருப்பின் நிறங்கண்டே பதமறியும் கொல்லர் அவர். அப்பட்டையில் என்னென்ன எவ்வளவு உள, எவ்வெப்பத்தில் தோய்த்தல் நன்று என்பனவற்றைக் கல்லூரி மாழையியலார் அவர்க்கு நல்ல தமிழில் எழுதித் தரல் வேண்டும். அவர்தம் கைப்பாடத்தைக் கல்லூரியார் கேட்டு எழுதிக்கொள்ளலும் வேண்டும். இவ்விரண்டும் கூடாதவரை, முன்னோர் வாளின் புகழ் பேசுவதால் ஒரு புதுக்கத்தியும் பிறவாது.